கரண்ட் ஒயர் வழியாகவே இன்டர்நெட்: ஏற்காட்டின் கல் வீடுகளுக்கு 'பவர்லைன்' கைகொடுக்குமா?

சேலத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காடு போய்ச் சேர்ந்தால் குளிர் மட்டும் மாறுவதில்லை, வீடுகளும் மாறுகின்றன. காபி தோட்டங்களுக்கு நடுவே நிற்கும் பழைய பங்களாக்களில் சுவர் எல்லாம் கனமான கல். அந்தச் சுவர் குளிரைத் தடுக்கும். கூடவே வைஃபையையும் தடுக்கும்.

ஹாலில் ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்றால் நெட் பறக்கும். நாலு அறை தள்ளி பின்கட்டுக்குப் போனால் ஒரே ஒரு கோடுதான் காட்டும். ஆன்லைன் தேர்வு எழுதும் பிள்ளைக்கும், வீட்டில் இருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பவருக்கும், 'ரூம்ல வைஃபை வரல' என்று விருந்தினர் சொல்வதைக் கேட்கும் ஹோம்ஸ்டே நடத்துபவருக்கும் இது பெரிய தலைவலி.

எல்லா அறைக்கும் கரண்ட் ஒயர் போகிறதே, அதிலேயே நெட்டையும் அனுப்ப முடியாதா? முடியும். அதற்கான கருவிக்கு பவர்லைன் அடாப்டர் என்று பெயர். ஆனால் ஒரு வீட்டில் அசத்தும் இதே கருவி, அடுத்த வீட்டில் சுத்தமாக சொதப்பும். ஏன் இப்படி? வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்? எங்கே உயிருக்கே ஆபத்து வரலாம்? விரிவாகப் பார்ப்போம்.

கல் சுவருக்கும் வைஃபைக்கும் என்ன பகை?

சேர்வராயன் மலையில் காபி வந்தது 1820-களில். அப்போது சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன்தான் இங்கே காபி பயிரைக் கொண்டுவந்தவர். அதன் பிறகு தோட்டங்களைச் சுற்றி பங்களாக்கள், பள்ளிகள், தேவாலயங்கள் என கல் கட்டடங்கள் எழும்பின. அந்தக் காலத்து வீடு என்றால் தடித்த சுவர், உயரமான கூரை, நீளமான வராண்டா.

வைஃபை என்பது ரேடியோ அலை. வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டுவதில் பலவீனம். 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் கூடுதலாக ஊடுருவும், ஆனால் வேகம் குறைவு. செங்கல் சுவர் ஒன்றிரண்டு என்றால் சமாளித்துவிடும். தடித்த கல் சுவர் இரண்டு மூன்று குறுக்கே வந்தால் இரண்டுமே திணறும். மழைக்காலத்தில் சுவர் ஈரம் குடித்திருந்தால் இன்னும் கொஞ்சம் மோசம்.

'பனிமூட்டத்தால நெட் ஸ்லோவா இருக்கு' என்று மலையில் சிலர் சொல்வது உண்டு. வீட்டுக்குள் இருக்கும் வைஃபைக்கு அது பொருந்தாது. இந்த அலைவரிசைகளை பனிமூட்டம் பெரிதாக பாதிப்பதில்லை. பிரச்னை பனியில் இல்லை, சுவரில்.

பவர்லைன் அடாப்டர் என்றால் என்ன?

செல்போன் சார்ஜரைவிட கொஞ்சம் பெரிதாக இருக்கும் ஒரு சின்னப் பெட்டி. ஜோடியாக விற்பார்கள். முதல் பெட்டியை ரவுட்டர் பக்கத்தில் உள்ள பிளக் பாயிண்டில் மாட்டி, ஒரு லேன் கேபிளால் ரவுட்டருடன் இணைக்க வேண்டும். இரண்டாவது பெட்டியை நெட் வராத அறையின் பிளக் பாயிண்டில் மாட்ட வேண்டும். அங்கிருந்து லேன் கேபிள் மூலம் கம்ப்யூட்டருக்கோ டிவிக்கோ கொடுக்கலாம். சில மாடல்களில் இரண்டாவது பெட்டியே வைஃபையும் கொடுக்கும்.

நடுவில் உள்ள தூரத்தை நெட் கடப்பது சுவருக்குள் ஓடும் கரண்ட் ஒயர் வழியாக. சுவரை உடைக்க வேண்டாம், புது கேபிள் இழுக்க வேண்டாம். கல் சுவரில் துளை போட முடியாத வீட்டுக்கு இதுதான் பெரிய ஆறுதல்.

ஒரு விஷயத்தை இங்கேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. நெட் கனெக்‌ஷனே இல்லாத வீட்டுக்கு இந்தக் கருவி நெட் தராது. வீட்டு வாசல் வரை வந்துவிட்ட நெட்டை உள்ளே இருக்கும் அறைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது மட்டும்தான் இதன் வேலை. மலைக் கிராமங்களுக்கு நெட் கொண்டுசெல்வது தனிக் கதை. பாரத்நெட் திட்டத்தில் மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிகளை கண்ணாடி இழை கேபிளால் இணைக்கும் பொறுப்பு தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்திடம் இருக்கிறது.

ஒரே ஒயரில் கரண்டும் நெட்டும் எப்படிப் போகும்?

ஏற்காடு ஏரியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். படகு போனதும் பெரிய அலை ஒன்று மெதுவாகக் கரைக்கு வருகிறது. அதே நேரத்தில் காற்றடித்தால் அந்தப் பெரிய அலையின் முதுகிலேயே பொடிப்பொடியாக சிற்றலைகள் ஓடும். இரண்டும் ஒரே தண்ணீரில்தான் இருக்கின்றன. ஆனாலும் ஒன்றை ஒன்று அழிப்பதில்லை.

நம் வீட்டு கரண்ட் அந்தப் பெரிய அலை மாதிரி. 230 வோல்ட், நொடிக்கு 50 முறை மட்டும் ஏறி இறங்கும். பவர்லைன் அடாப்டர் அதன்மேல் மிகச் சிறிய சிக்னலை ஏற்றுகிறது. அந்த சிக்னல் நொடிக்கு சுமார் 20 லட்சம் முறையில் இருந்து பல கோடி முறை வரை அதிரும். மறுமுனையில் இருக்கும் அடாப்டர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை வடிகட்டி ஒதுக்கிவிட்டு, சிற்றலையை மட்டும் பிடித்துப் படிக்கும்.

சிக்னலை ஒரே கற்றையாக அனுப்புவதும் இல்லை. நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன பாதைகளாகப் பிரித்து அனுப்புகிறது. மலைப்பாதையில் ஒரு வழியில் மரம் விழுந்தால் வண்டிகளை இன்னொரு வழியில் திருப்பிவிடுவது மாதிரி, எந்தப் பாதையில் இரைச்சல் அதிகமோ அதைத் தவிர்த்து மற்றவற்றில் தகவலை அனுப்பும். வீட்டில் ஒரு மோட்டார் ஓடத் தொடங்கினால் உடனே கணக்கை மாற்றிக்கொள்ளும். இதனால்தான் நெட்டுக்காகவே போடப்படாத ஒயரிலும் ஓரளவு வண்டி ஓடுகிறது.

இது புது விஷயமா?

இல்லை. மின்வாரியங்கள் பல பத்தாண்டுகளாகச் செய்வதுதான். ஒரு துணை மின் நிலையத்தில் இருந்து இன்னொன்றுக்குப் பேசவும், லைனில் கோளாறு வந்தால் தகவல் அனுப்பவும் உயர் அழுத்த மின்கம்பியையே தொலைபேசி லைன் போலப் பயன்படுத்தினார்கள். பெரிய துணை மின் நிலையங்களில் லைன் உள்ளே நுழையும் இடத்தில் டிரம் மாதிரி ஒரு கம்பிச் சுருள் இருப்பதைப் பார்க்கலாம். சிக்னல் வேறு பக்கம் ஓடிவிடாமல் தடுத்து நிறுத்தும் பொறி அது.

வீட்டுக்குள் பயன்படுத்தும் கருவிகளுக்கான முதல் பொதுத் தரம் 'ஹோம்பிளக்' என்ற பெயரில் 2001-ல் வெளியானது. 2005-ல் 'ஹோம்பிளக் ஏவி' வந்தது. 2010-ல் 'ஐஇஇஇ 1901' என்ற சர்வதேசத் தரமாகவும் ஆனது. இதற்குப் போட்டியாக 'ஜி.எச்.என்' என்ற இன்னொரு தரமும் இருக்கிறது. வாங்கும்போது இதைக் கவனிக்க வேண்டும். ஹோம்பிளக் வகை அடாப்டரும் ஜி.எச்.என் வகை அடாப்டரும் ஒன்றோடு ஒன்று பேசாது. அதனால் இரண்டையும் ஒரே ஜோடியாக வாங்குவதுதான் பாதுகாப்பு.

வீட்டுக்குள் ஜெயித்த இந்த நுட்பம் தெருவில் தோற்றதும் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள மனாசஸ் நகரம், தெரு மின்கம்பி வழியாகவே வீடுகளுக்கு நெட் கொடுத்துப் பார்த்தது. 2010-ல் அந்தச் சேவையை நகர நிர்வாகம் நிறுத்திக்கொண்டது. இந்த முறைக்கு எங்கும் இருக்கும் சிக்கல் ஒன்றுதான்: நீண்ட தூரத்தில் சிக்னல் தேய்ந்துவிடும், டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டுவது கஷ்டம், திறந்தவெளிக் கம்பி ஆன்டெனா போல மாறி ஹாம் ரேடியோக்காரர்களின் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும்.

பெட்டியில் 1000, கையில் எவ்வளவு?

அடாப்டர் பெட்டியில் 600, 1000, 1200 எம்பிபிஎஸ் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது ஆய்வகக் கணக்கு. போகும் வேகம், வரும் வேகம், பிழை திருத்தும் தகவல் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் எண். நிஜ வீட்டில் கைக்குக் கிடைப்பது அதில் ஒரு பங்குதான். நல்ல ஒயரிங் இருந்தால் 100-ஐத் தாண்டலாம். மோசமான ஒயரிங் என்றால் 10, 20-லேயே நிற்கலாம்.

இன்னொரு சின்ன ஏமாற்றமும் உண்டு. '600' என்று எழுதியிருக்கும் பல மாடல்களில் லேன் போர்ட்டின் உச்ச வேகமே 100 எம்பிபிஎஸ்தான். அதற்கு மேல் வர வழியே இல்லை. வாங்கும் முன் 'கிகாபிட் போர்ட்' இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆனால் பயப்பட வேண்டியதும் இல்லை. தரமான வீடியோ காலுக்கு 4 எம்பிபிஎஸ் போதும். எச்டி தரத்தில் படம் பார்க்க 5 எம்பிபிஎஸ் அளவு இருந்தால் ஓடும். ஆக, நிலையாக 30 எம்பிபிஎஸ் வந்தாலே ஒரு அறைக்குத் தாராளம். வேகம் எவ்வளவு என்பதைவிட விட்டு விட்டு வராமல் நிலையாக வருகிறதா என்பதுதான் முக்கியம்.

எதெல்லாம் வேகத்தைக் கெடுக்கும்?

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்: அடாப்டரை எப்போதும் சுவரில் உள்ள பிளக் பாயிண்டில் நேரடியாக மாட்ட வேண்டும். ஸ்பைக் பஸ்டர் வழியாக மாட்டினால், அதற்குள் இருக்கும் வடிகட்டி நெட் சிக்னலையும் இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும்.

மலிவு சார்ஜர், எல்இடி பல்பு: தரமில்லாத செல்போன் சார்ஜர்களும் எல்இடி பல்புகளும் ஒயரில் இரைச்சலைக் கொட்டும். அடாப்டர் இருக்கும் அதே போர்டில் இவற்றை மாட்டாமல் இருப்பது நல்லது.

மோட்டார்: மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார் ஓடும்போது வேகம் குறையலாம். எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரும் இந்த வகைதான். தோட்ட வீடுகளில், அறுவடை நேரத்தில் காபிப் பழத்தின் தோல் நீக்கும் பல்பர் மோட்டார் அதே லைனில் ஓடினால் நெட் திணறுவதில் ஆச்சரியம் இல்லை.

தூரம்: நேர்கோட்டில் அடுத்த அறையாக இருக்கலாம். ஆனால் ஒயர் அங்கிருந்து மெயின் போர்டு வரை போய், சுற்றித் திரும்பி வரலாம். சிக்னல் கடப்பது ஒயரின் நீளத்தைத்தான். சின்ன வீட்டிலேயே சில நேரம் வேகம் குறைவதற்கு இதுதான் காரணம்.

பேஸ் மாற்றினால் நெட் போகுமா?

போகலாம். வோல்டேஜ் குறைந்தால் 'பேஸ் மாத்திப் போடு' என்பது தமிழ்நாட்டு வீடுகளில் சகஜம். மூன்று பேஸ் சப்ளை உள்ள வீட்டில் ஹால் ஒரு பேஸிலும் படுக்கையறை இன்னொரு பேஸிலும் இருக்கலாம். ஒரே பேஸில் இருக்கும் அடாப்டர்கள்தான் நன்றாகப் பேசிக்கொள்ளும். வேறு வேறு பேஸ் என்றால் சிக்னல் கசிந்துதான் போக வேண்டும். வேகம் பாதியாகலாம், சில வீடுகளில் இணைப்பே வராமல் போகலாம்.

நேற்று வரை நன்றாக ஓடிய நெட் இன்று திடீரென்று படுத்துவிட்டதா? வீட்டில் யாராவது பேஸ் சேஞ்ச் சுவிட்சைத் திருப்பினார்களா என்று முதலில் கேளுங்கள்.

கரண்ட் போனால் என்ன ஆகும்?

காற்றுக்கும் மழைக்கும் மரம் சாய்ந்து மின்தடை வருவது மலையில் புதிதல்ல. ஒயரில் கரண்ட் இல்லாவிட்டால் அடாப்டரும் அணைந்துவிடும். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில்கூட பெரும்பாலும் லைட், ஃபேன் லைன்களுக்கு மட்டும்தான் பேக்கப் கொடுத்திருப்பார்கள். ஒரு அடாப்டர் இன்வெர்ட்டர் லைனிலும் இன்னொன்று நேரடி லைனிலும் இருந்தால், கரண்ட் போன நொடியே நெட்டும் போகும். தேர்வோ நேர்காணலோ இருக்கும் வீட்டில், ரவுட்டர், இரண்டு அடாப்டர் ஆகிய மூன்றும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று முன்கூட்டியே மெயினை அணைத்துப் பார்த்துவிட வேண்டும்.

செலவு எவ்வளவு என்ற கேள்வியும் வரும். ஒரு அடாப்டர் சுமாராக 3 முதல் 6 வாட் எடுக்கும். ஜோடியும் 24 மணி நேரமும் ஓடினால் இரண்டு மாத பில்லில் சுமார் 9 முதல் 17 யூனிட் சேரும்.

பழைய ஒயரிங்: உண்மையான ஆபத்து இங்கேதான்

இந்த விஷயத்தில் வேகத்தைவிட முக்கியமான பகுதி இது. பவர்லைன் அடாப்டர் புதிதாக எந்த ஒயரையும் போடுவதில்லை. இருக்கும் ஒயரை நம்பித்தான் வேலை செய்கிறது. அந்த ஒயர் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பழைய பங்களாக்களில் மரப்பட்டியின் மேல் ஒயர் ஓட்டிய காலத்து இணைப்புகள் இன்னும் சில இடங்களில் மிச்சம் இருக்கும். ரப்பர் உறை காய்ந்து வெடித்திருக்கும். நடுவில் எத்தனையோ முறை எத்தனையோ பேர் ஒட்டுப்போட்டு டேப் சுற்றியிருப்பார்கள். எர்த் ஒயரே இல்லாத இரண்டு பின் பிளக் பாயிண்ட்டும் இருக்கும்.

லூஸாக இருக்கும் ஒரு ஜாயிண்ட் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, அங்கே சின்னச் சின்ன பொறி பறந்து நெட் சிக்னலைக் கெடுக்கும். இரண்டு, அதே இடம் சூடாகிக்கொண்டே இருக்கும். முதலாவது எரிச்சல். இரண்டாவது தீ விபத்துக்கு முதல் படி.

நெட் வேகம் குறைவதை மட்டும் வைத்து ஒயரிங் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. அதற்கு வேறு பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் கூடவே லைட் மினுங்குகிறதா, பிளக் பாயிண்ட்டைத் தொட்டால் சூடாக இருக்கிறதா, சுவிட்ச் போர்டில் 'கிர்ர்' சத்தமோ கருகல் வாடையோ வருகிறதா என்று கவனிக்க வேண்டும். இதில் ஒன்று இருந்தாலும் நெட்டை மறந்துவிடுங்கள். அந்த லைனை மெயினில் அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதுதான் அடுத்த வேலை.

எர்த் விஷயமும் அப்படித்தான். புதிய வகை அடாப்டர்கள் பேஸ், நியூட்ரல், எர்த் என மூன்று ஒயரையும் பயன்படுத்தி வேகத்தைக் கூட்டுகின்றன. எர்த் இல்லாவிட்டால் இரண்டு ஒயரோடு நின்றுவிடும். வேகம் குறையும், அவ்வளவுதான். ஆனால் அதே வீட்டில் ஹீட்டரிலோ ஃப்ரிட்ஜிலோ கசிவு வந்தால் ஷாக் அடிப்பது மனிதருக்கு. சேர்வராயன் மலை கெட்டியான பாறை நிலம். பாறையிலும் காய்ந்த செம்மண்ணிலும் எர்த் சரியாகப் பிடிப்பது கஷ்டம். குழி தோண்டி கம்பி இறக்கினால் மட்டும் போதாது. மீட்டர் வைத்து அளந்து பார்க்க வேண்டும். கூடவே மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால், கசிவு வந்த உடனே சப்ளையைத் துண்டிக்கும்.

வெளிநாட்டு பிளக்கோடு வரும் அடாப்டர்களும் சந்தையில் உண்டு. நம் ஊர் பிளக் பாயிண்டில் பொருந்தாது என்று மலிவான கன்வெர்ட்டர் போட்டு மாட்டுவார்கள். எர்த் தொடர்பு அறுந்து, லூஸ் கான்டாக்ட்டும் சேர்ந்துவிடும். இந்திய பிளக் உள்ள மாடலை மட்டும் வாங்குவது நல்லது.

இடி, மின்னல் நேரத்தில் என்ன செய்வது?

ஏப்ரல், மே மாதங்களில் கோடை விழாவுக்குக் கூட்டம் வரும் நேரத்தில்தான் மலையில் பிற்பகல் இடி மழையும் வரும். இங்கே பவர்லைனுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. ஸ்பைக் பஸ்டர் வழியாக மாட்டக்கூடாது என்பதால் அடாப்டர் பாதுகாப்பு இல்லாமல் நேரடியாக லைனில் நிற்கிறது. பக்கத்தில் எங்காவது மின்னல் இறங்கி லைனில் வோல்டேஜ் எகிறினால், அடாப்டர் போவதோடு நிற்காது. லேன் கேபிள் வழியாக ரவுட்டர், டிவி, கம்ப்யூட்டர் வரை பாயலாம்.

வழி இரண்டு. மெயின் போர்டிலேயே முழு வீட்டுக்கும் சேர்த்து சர்ஜ் பாதுகாப்புக் கருவி பொருத்தலாம். அது வேலை செய்யவும் நல்ல எர்த் வேண்டும். அது இல்லாத வீட்டில், வானம் கறுத்து தூரத்தில் இடிச்சத்தம் கேட்கும்போதே அடாப்டரையும் லேன் கேபிளையும் கழற்றிவிட வேண்டும். தலைக்கு மேல் மின்னல் வெட்டும்போது பிளக்கைத் தொடக்கூடாது.

பக்கத்து வீட்டுக்காரர் நம் நெட்டைப் பார்க்க முடியுமா?

கரண்ட் மீட்டர் நெட் சிக்னலை முழுதாகத் தடுக்கும் சுவர் அல்ல. ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள அடுத்த வீட்டுக்கோ, ஒரே கட்டடத்தில் உள்ள அடுத்த போர்ஷனுக்கோ அது கசியலாம். தகவல் 128 பிட் குறியாக்கத்தில்தான் போகிறது. ஆனால் ஹோம்பிளக் வகை கருவிகள் ஃபேக்டரியில் இருந்து வரும்போது பொதுவான ஒரே பாஸ்வேர்டோடு வருவது உண்டு. அப்படியே மாட்டினால், அதே வகை கருவி வைத்திருக்கும் பக்கத்து வீடும் உங்கள் நெட்வொர்க்கில் சேர்ந்துவிட வாய்ப்பு இருக்கிறது.

தீர்வு எளிது. அடாப்டரில் 'பேர்' என்று ஒரு பட்டன் இருக்கும். முதல் பெட்டியில் அதை அழுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் இரண்டாவதிலும் அழுத்தினால், இரண்டும் தங்களுக்குள் புது ரகசியக் குறியீட்டை உருவாக்கிக்கொள்ளும். ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் இதை மறக்கவே கூடாது. விருந்தினர் அறைக்குப் போகும் நெட்டை ரவுட்டரில் 'கெஸ்ட்' இணைப்பாகத் தனியே பிரித்துக் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

வாங்கியதும் சோதிப்பது எப்படி?

முதலில், ரவுட்டரில் நேரடியாக லேன் கேபிள் மாட்டி வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இதுதான் அளவுகோல்.

இரண்டாவது, இரண்டு அடாப்டரையும் ஒரே அறையில், அடுத்தடுத்த பிளக் பாயிண்ட்களில் மாட்டிப் பாருங்கள். இங்கேயே வேகம் மோசம் என்றால் கருவியிலோ அந்த போர்டிலோ கோளாறு.

மூன்றாவது, இரண்டாவது அடாப்டரைத் தேவையான அறைக்கு எடுத்துச் செல்லுங்கள். அந்த அறையில் உள்ள எல்லா பிளக் பாயிண்ட்டிலும் மாட்டிப் பாருங்கள். ஒரே அறையில் இரண்டு பாயிண்ட்டுக்கு நடுவே பெரிய வித்தியாசம் வரலாம்.

நான்காவது, மிக்ஸி, தண்ணீர் மோட்டார், ஃபேன் என்று ஒவ்வொன்றாகப் போட்டு, எதில் வேகம் விழுகிறது என்று கவனியுங்கள்.

ஐந்தாவது, காலை, மாலை, இரவு என இரண்டு மூன்று நாள் பாருங்கள். அதனால் திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள கடையில் வாங்குவது புத்திசாலித்தனம். உங்கள் வீட்டில் இது ஓடுமா என்று மாட்டிப் பார்க்காமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. கேபிள் இழுக்க முடிகிற வீடு என்றால் 'கேட் 6' லேன் கேபிளுக்கு நிகர் எதுவும் இல்லை. 100 மீட்டர் வரை நிலையாக 1000 எம்பிபிஎஸ் கொடுக்கும். கல் சுவரைத் துளைக்க வேண்டாம் என்றால் கூரையை ஒட்டி, வராண்டா ஓரமாக, கதவு நிலை மேல் வழியாக கேசிங் போட்டு ஓட்டலாம்.

மெஷ் வைஃபை இன்னொரு வழி. இரண்டு மூன்று ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று அலையைக் கைமாற்றும். ஆனால் நடுவில் கல் சுவர் இருந்தால் அதற்கும் அதே தொல்லை. திறந்த வராண்டா, ஜன்னல், வாசல் என அலைக்கு வழி இருக்கும் இடங்களில் வைத்தால் பலன் கிடைக்கும். பவர்லைனோ லேன் கேபிளோ பின்னால் இருந்து நெட் கொடுக்க, முன்னால் மெஷ் ரவுட்டர் வைஃபை கொடுப்பது பல வீடுகளுக்கு நல்ல கூட்டணி.

தோட்டத்தில் பங்களா ஓரிடம், விருந்தினர் குடில் இன்னோரிடம் என்று பிரிந்து இருந்தால் பவர்லைன் சரிப்படாது. அங்கே செம்பு லேன் கேபிளை வெளியில் இழுப்பதும் மின்னல் காலத்தில் ஆபத்து. இரண்டு கட்டடத்துக்கும் நடுவே கண்ணாடி இழை கேபிள் போடுவதுதான் சரி. உலோகம் கலக்காத அந்தக் கேபிளில் வெளிச்சம் மட்டும்தான் போகும், மின்சாரம் போகாது. மின்னல் அதன் வழியாக ஒரு கட்டடத்தில் இருந்து இன்னொன்றுக்குத் தாவ முடியாது.

சுருக்கமாகச் சொன்னால்...

• கல் சுவர் வீட்டில், சுவரை உடைக்காமல் ஓர் அறைக்கு நெட் கொண்டுபோக பவர்லைன் நல்ல வழி. வீட்டுக்கே நெட் கொண்டுவரும் வழி அல்ல.

• பெட்டியில் உள்ள எண்ணை நம்பாதீர்கள். நிலையாக 30 எம்பிபிஎஸ் வந்தாலே ஓர் அறைக்குப் போதும்.

• நேரடி பிளக் பாயிண்ட், ஒரே பேஸ், ஒரே இன்வெர்ட்டர் லைன். இந்த மூன்றும் சரியாக இருந்தால் பாதிப் பிரச்னை தீரும்.

• மாட்டிய உடனே 'பேர்' பட்டனை அழுத்துங்கள். இடி கேட்கும் முன்பே கழற்றுங்கள்.

• அடாப்டர் வாங்கும் முன் ஒரு முறை ஒயரிங்கையும் எர்த்தையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. நெட் வரவில்லை என்று சுவிட்ச் போர்டைத் திறந்து பார்க்கும்போதுதான் பல வீடுகளில் கருகிய ஒயர் கண்ணில் படுகிறது. அதைப் பார்த்த பிறகும் டேப் சுற்றி மூடிவிட்டு அடாப்டரை மாட்டினால், நெட் வரலாம். ஆனால் அந்த வீட்டில் முதலில் சரிசெய்ய வேண்டியது நெட் அல்ல.